விளிம்பில் இருக்கிறது பெயர்

டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். அதையொட்டி இந்த வாரக் கேள்விகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களைப் பற்றியும், போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் இருக்கட்டும் என்று கேட்டிருந்தோம். எழுதியவர்களில் பேரன் பேத்திகளே அதிகம்.

தாத்தா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கு அடையாளமாக வீட்டில் இருப்பது கறுத்துப்போன ஒரு வட்டப் பதக்கமும் ஒரு நட்சத்திரமும்தான். இவற்றை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?
*– ஒரு பேத்தி, ஆற்காடு*

நிறையவே கண்டுபிடிக்கலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நகைக் கடையில் பாலிஷுக்கும் கொடுக்காதீர்கள். நீங்கள் தேடுவது அந்தக் கறுப்புக்கு அடியில் இருக்கிறது.

வட்டப் பதக்கத்தின் ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம், 1939–1945 என்ற ஆண்டுகள் இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்ப் பதக்கம். வெள்ளியில் செய்து, குதிரை வீரனும் 1914–1918 என்ற ஆண்டுகளும் இருந்தால் அது முதல் உலகப் போர். அப்படியானால் அது தாத்தாவுடையதாக இராது, அவருடைய அப்பாவுடையது. ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவில் ஆங்கில எழுத்து வட்டமாக ஓடும். ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று எது எழுதியிருக்கிறதோ அந்தப் போர்முனைக்காகக் கொடுத்தது.

இப்போது வட்டப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் தாத்தா. போட்டோ எடுத்து, எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் எந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று சொல்வார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெல்லிங்டன். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அதையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

என் தாத்தா உயிரோடுதான் இருக்கிறார். 65 போர் பார்த்தவர். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ‘போனேன், வந்தேன்’, அவ்வளவுதான்.
*– கல்லூரி மாணவன், தேனி*

‘எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?’ என்று ஆரம்பித்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஆயுள் முழுவதும் பதில் சொல்லாத மனிதர்கள் உண்டு; அவர்களை நாம் மதிக்க வேண்டும்.

வேறு கேளுங்கள். முதல் நாள் மெஸ்ஸில் என்ன போட்டார்கள்? சப்பாத்தி எத்தனை நாளில் பழகியது? ஊருக்குக் கடிதம் யார் எழுதிக் கொடுத்தார்கள்? பக்கத்துக் கட்டில்காரர் பெயர் என்ன, எந்த ஊர்? இந்தக் கடைசிக் கேள்வியில் பெரும்பாலும் பேச்சு வந்துவிடும். வந்த பிறகு குறுக்கே பேசாதீர்கள்.

அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெர்லினுக்கு அருகிலிருந்த முகாமில் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காகச் செய்த வேலை அது. ஆனால் நூறு ஆண்டு கழித்தும் அந்தச் சிப்பாய்களின் குரலைக் கேட்க முடிகிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கருவி அதைவிடத் தெளிவாகப் பதியும்.

எங்கள் ஊரில் பழைய கட்டடம் ஒன்றின் சுவரில், பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. யார் வைத்தது?
*– பள்ளி ஆசிரியர், திருச்சி மாவட்டம்*

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு வைத்த கற்களில் ஒன்று. 1914–1919 என்று ஆண்டு இருக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இவை இன்னும் இருக்கின்றன. சில மணிக்கூண்டுகளில், சில சாவடிச் சுவர்களில். சிலவற்றின் மீது சுண்ணாம்பு அடித்து மூடியாகிவிட்டது.

அந்தக் கல்லை நன்றாகப் படித்துப் பாருங்கள் ஆசிரியரே. ஊரைச் சொல்கிறது. எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நம் வழக்கம் அதுவல்ல. மாடுகளைக் கவர்ந்துபோன கூட்டத்தை எதிர்த்து விழுந்தவனுக்குக்கூட இந்த மண்ணில் தனிக் கல் நட்டார்கள். நடுகல்லுக்குக் கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியாகத் தொல்காப்பியம் இலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அதில் ஒன்று, ஆகோள் பூசலில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எதற்காக விழுந்தான் என்பது வரை உண்டு. படையில் பெரிய பதவி வகித்தவனா, சாதாரண ஆளா என்று பார்த்து யாரும் கல் நடவில்லை.

உங்கள் மாணவர்களிடம் அந்த ஆங்கிலக் கல்லைக் காட்டி, ‘இந்தப் பெயர்களைக் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லுங்களேன். ஊரில் ‘பட்டாளத்தார் வீடு’, ‘சுபேதார் தோட்டம்’ என்று ஏதாவது ஒரு பெயர் நிச்சயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து தொடங்கலாம். பஞ்சாபில் முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2021 முதல் அவற்றைக் கணினியில் ஏற்றி, யாரும் தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொள்ள வழி செய்தார்கள். நாம் ஒரே ஒரு ஊரிலாவது ஆரம்பிப்போம்.

கொள்ளுத்தாத்தா மெசபடோமியாவில் இறந்ததாகச் சொல்வார்கள். அங்கே அவர் பெயர் எங்காவது இருக்குமா?
*– ஒரு விவசாயி, நாமக்கல்*

இன்றைய இராக்கில் பஸ்ரா நினைவுச்சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1921 வரை அந்தப் பகுதியில் இறந்து, கல்லறை தெரியாமல்போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பி 1929-இல் திறந்தார்கள். 1997-இல் சதாம் உசேன் ஆணைப்படி அதைப் பெயர்த்து, பஸ்ராவிலிருந்து நாசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள்.

உங்களிடம் மறைப்பது சரியாக இராது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்கள் மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியபோது சொன்ன கொள்கை, பதவி, இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது. ஐரோப்பாவில் அதைக் கடைப்பிடித்தார்கள். பிரான்சில் நியூவ் ஷப்பேல் நினைவுச்சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒவ்வொருவராகப் பெயரோடு நிற்கிறார்கள். மெசபடோமியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கொள்கை காற்றில் போனது.

அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரே இடம்பெறாமல் போனார்கள் என்கிறது அறிக்கை.

ஆனாலும் தேடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் போட்டுத் தேடும் வசதி உண்டு. சுவரில் விடுபட்ட பலர் பட்டியலில் இருக்கிறார்கள். நம் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். முனுசாமி என்றால் ஐந்தாறு விதமாக எழுதிப் பாருங்கள். தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

‘மதராஸிகள் போர்க்குடி இல்லை’ என்று வெள்ளைக்காரன் சொன்னதாக என் வட இந்திய நண்பர் சொல்கிறார். உண்மையா?
*– பெங்களூரு வாசகர்*

சொன்னது உண்மை. சொல்லப்பட்டது பொய்.

லார்ட் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதி. பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவர். தெற்கில் நீண்ட காலம் சண்டையில்லாமல் இருந்ததால் மதராஸ் சிப்பாயின் போர்க்குணம் மங்கிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். ஆளெடுப்பு வடக்கே நகர்ந்தது. ஒவ்வொரு பட்டாலியனாகக் கலைத்து, 1928-இல் மதராஸ் காலாட்படையின் மிச்சத்தையும் கலைத்தார்கள். 1758-இல் தொடங்கிய படைக்கு அந்தக் கதி. கிளைவ் காலத்திலிருந்து அவர்களுக்குப் பேரரசு கட்டிக் கொடுத்தவர்களில் பெரும் பங்கு இந்தச் சிப்பாய்களுக்கு உண்டு என்பது வசதியாக மறந்துபோயிற்று.

1941-இல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது அதே மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். போர்க்குடிக் கொள்கை அன்றைக்கு எங்கே போனது என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள். சாப்பர்களை மட்டும் அவர்கள் ஒருநாளும் கலைக்கவில்லை. பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

என் மகனுக்கு 10 வயது. அவனுக்கு ஒரே ஒரு வீரரைப் பற்றிச் சொல்வதென்றால் யாரைச் சொல்வீர்கள்?
*– ஒரு தாய், செங்கல்பட்டு*

உங்கள் பக்கத்து ஆளையே சொல்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மதராஸ் சாப்பர்ஸ்.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மின்யானோ என்ற இடம். கண்ணிவெடி தேடும் சிறு குழுவை அவர் நடத்திப் போனார். பின்னால் வந்த ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அந்த வகை வெடி, மிதித்ததும் உடனே வெடிக்காது. சில நொடிகள் ஆகும். சாப்பருக்கு அது தெரியும். ஓடித் தப்பிக்க அந்த நொடிகள் போதும் என்பதும் தெரியும். அவர் திரும்பி, அந்த வெடியின் மீது விழுந்து தன் உடலால் மூடினார். அவர் இறந்தார். சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பிறகு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

அவர் யாரையும் கொன்றதற்காக வாங்கிய பதக்கம் இல்லை அது. 10 வயதுப் பையனிடம் முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளைக்காரனுக்காகச் சம்பளம் வாங்கிச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்? நாட்டுக்காகவா போனார்கள்?
*– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை*

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் நேராகவே பதில் சொல்கிறேன்.

முதல் உலகப் போரில் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். மழை பொய்த்த ஊரில், அடமானத்தில் கிடக்கும் நிலத்தை மீட்க வேண்டிய வீட்டில், அந்த 11 ரூபாய் என்ன என்று யோசித்துப் பாருங்கள். போனவர்கள் எல்லோரும் ஏகாதிபத்தியத்துக்கு வாழ்க சொல்லிப் போகவில்லை. காந்தியடிகளே 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து படைக்கு ஆள் சேர்த்தார். உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று நம்பினார். அவருக்கே இருந்த நம்பிக்கை ஒரு பதினெட்டு வயது இளைஞனுக்கு இருந்தால் அதைக் குற்றமாக்க எனக்கு மனமில்லை. சுமார் 13 லட்சம் இந்தியர்கள் போனார்கள். 74,000 பேர் திரும்பவில்லை. அடுத்த போரில் 25 லட்சம் பேர். 87,000 பேர் திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே மதராஸ் மாகாணம், ஏறத்தாழ ஒரே வயது, இரண்டு பேர். பி.பி. குமாரமங்கலம் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் குடும்பம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரி. 1942-இல் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க் கைதியாக இருந்தார். லட்சுமி சுவாமிநாதன் சென்னையில் படித்த மருத்துவர். நேதாஜியின் படையில் கேப்டன். போரில் இருவரும் எதிரெதிர் அணி. 1966-இல் குமாரமங்கலம் சுதந்திர இந்தியாவின் ராணுவத் தளபதியானார். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து 2012-இல் மறைந்தார். இந்த இருவரில் ஒருவரை நினைத்தால் இன்னொருவரை மறந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. போர் யாருடையது என்று கேட்பது வரலாற்றின் வேலை; விடாமல் கேளுங்கள். போன ஆள் நம்முடையவர். அதில் சந்தேகம் வேண்டாம்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்திலிருந்து ஜான்சி ராணி படைக்குப் போனவர். அவரைப் போன்றவர்களை இந்தியாவில் நினைக்கிறார்களா?
*– ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா*

போதுமான அளவுக்கு இல்லை, அம்மா.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) அமைந்த அந்தப் பெண்கள் படைக்கு 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள், பார்த்திராத அந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி எடுத்தார்கள். உலகப் போர் வரலாற்றில் இதற்கு இணை சொல்வது கடினம். சிங்கப்பூர் கடற்கரையில் நேதாஜி எழுப்பிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்த கையோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995-இல் சிங்கப்பூர் ஒரு நினைவுக் கல் வைத்தது. சுதந்திர இந்தியாவோ ஐ.என்.ஏ. வீரர்களைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972-இல்தான்.

பாட்டியின் போட்டோ ஏதாவது இருந்தால் பின்னால் பெயர், தோட்டம், ஆண்டு எழுதி வையுங்கள். அந்தப் படைக்குப் போன பெண்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

சயாம் ரயில் பாதையில் இறந்த தோட்டத் தமிழர்களை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?
*– ஈப்போ வாசகர்*

சேர்க்க வேண்டும். சீருடை இல்லாமல் போரில் செத்தவர்கள் அவர்கள். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த நேச நாட்டுக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் வரிசையாகக் கல்லறைகள், புல்தரை, பூச்செடிகள். அவர்களைவிடப் பல மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் எதுவும் இல்லை. அங்கே இப்போது தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நிற்கிறது. அதற்காக அலைந்த மலேசியத் தமிழர்களுக்கு என் வணக்கம்.

1987-இல் அமைதிப் படையில் யாழ்ப்பாணம் போனவன் நான். ஊரில் அதைச் சொல்லவே தயங்குகிறேன். கார்கில் போனவனுக்குக் கிடைக்கும் மாலை எனக்குக் கிடைக்காது. நான் என்ன தப்பு செய்தேன்?
*– முன்னாள் ஹவில்தார், சென்னை*

ஐயா, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போகச் சொன்ன இடத்துக்கு நீங்கள் போனீர்கள். ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-இல் அங்கே விழுந்தார். பரம் வீர் சக்ரா பெற்றார். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, தமிழ்நாட்டு முதல்வர் வரவேற்கப் போகவில்லை. தமிழ் மக்களின் மீது நடந்ததற்கு எதிர்ப்பாக அவர் அப்படிச் செய்தார். அந்த அரசியலுக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் அமைதிப் படை நுழைந்தபோது மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுடைய துக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு மாலை போட என்னால் முடியாது. நீங்களும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் அனுப்பிய முடிவுக்கு விலை கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். முடிவெடுத்தவர்கள் நினைவுக் குறிப்பு எழுதினார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஊரில் இருந்தீர்கள். கொழும்புக்கு அருகே, இலங்கை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், உங்கள் தோழர்களின் பெயர்களோடு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 2019-இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவிடத்திலும் அவர்கள் பெயர் உண்டு. நீங்கள் பார்த்ததை, நல்லதும் கெட்டதுமாக, எழுதுங்கள். உங்களுக்காக மட்டும் இல்லை. அங்கே இழந்தவர்களுக்கும் அந்தச் சாட்சி வேண்டும்.

அப்பா கார்கிலில் இருந்தவர். தீபாவளி இரவு கதவைச் சாத்திக்கொண்டு ரூமுக்குள் உட்கார்ந்துவிடுவார். சொந்தக்காரர்கள் ‘மிலிட்டரிக்காரர் வெடிக்குப் பயப்படுறாரு’ என்று சிரிக்கிறார்கள்.
*– ஒரு மகள், விருதுநகர்*

அது பயம் இல்லை. உடம்பு மறக்காமல் வைத்திருக்கும் காயம். முதல் உலகப் போரிலேயே மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். அப்போது கோழைத்தனம் என்று தண்டித்ததும் உண்டு. இன்று மருத்துவம் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க வழி கேளுங்கள். அப்பா மறுத்தால், தூக்கம் சரியில்லை என்பதில் ஆரம்பியுங்கள், அதற்கு ஒப்புக்கொள்வார்.

அடுத்த தீபாவளிக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். சிரிக்கும் சொந்தக்காரர்களிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

‘அமரன்’ படம் பார்த்தீர்களா?
*– திண்டுக்கல் வாசகர்*

பார்த்தேன். அழுதேன். அந்தப் படத்தால் மேஜர் முகுந்த் வரதராஜனைப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்ததில் சந்தோஷம். அந்தச் சூட்டோடு, கார்கில் போரில் பட்டாலிக்கில் 1999 மே 29-இல் விழுந்த திருச்சி மேஜர் சரவணனையும், 2020 ஜூனில் கல்வானில் விழுந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சரவணனின் உடல் கீழே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வீட்டில் அந்த நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும்?

எல்லோரும் வீரரைப் பற்றியே பேசுகிறீர்கள். வீட்டில் இருந்தவள் என்ன ஆனாள்?
*– ஒரு படைவீரர் மனைவி, கம்மவான்பேட்டை*

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் கேள்வி. தலை வணங்குகிறேன்.

மணியார்டர் வருமா, தந்தி வருமா என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்தவர்கள் நீங்கள். மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்கு பீஸ், நெல்லுக்குத் தண்ணீர், எல்லாம் ஒரு கையால். அந்தக் காலத்துக்குப் பதக்கம் எதுவும் அச்சடிக்கவில்லை. பேரப்பிள்ளைகளே, தாத்தாவைப் பதிவு செய்ய உட்காரும்போது போனைப் பாட்டி பக்கமும் திருப்புங்கள். தேதிகள் பாட்டிக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.

விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட சென்னையில் என்ன இருக்கிறது?
*– தாம்பரம் வாசகர்*

தலைமைச் செயலகம் பக்கத்துப் போர் நினைவுச்சின்னம் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்ப்பதோடு சரி. ஒருநாள் இறங்கிப் பாருங்கள். முதல் உலகப் போரின் வெற்றிக்காக எழுப்பியது; பிறகு காஷ்மீர், சீனா, பாகிஸ்தான் போர்களில் விழுந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள்.

அதைவிட நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு அவசியம் போங்கள். பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பிள்ளைகளை வயதைப் படிக்கச் சொல்லுங்கள். 19, 21, 22 என்று அவர்களே சத்தமாகப் படித்துக்கொண்டு போவார்கள். நீங்கள் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்காது.

இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போர் ஆசை வராதா?
*– ஈரோடு வாசகி*

சினிமாவில் மட்டும் பார்த்தால் வரலாம். போய் வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வராது.

தலைமுறை தாண்டி நினைவை உண்மையிலேயே காப்பாற்றும் நாடு ஏதாவது உண்டா?
*– புதுச்சேரி வாசகர்*

நெதர்லாந்தில் மார்கிராட்டன் என்ற ஊர். அந்தப் பகுதியை மீட்க வந்து இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைகள் 8,000-க்கும் மேல் அங்கே இருக்கின்றன. 1945 முதல் ஒவ்வொரு கல்லறையையும் ஒரு டச்சுக் குடும்பம் தத்தெடுத்திருக்கிறது. பூ வைப்பார்கள், இறந்தவரின் குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவார்கள், தாங்கள் மூப்படைந்தால் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள். இப்போது மூன்றாம் தலைமுறை. புதிதாகத் தத்தெடுக்க வருபவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வீடு, ஒரு பெயர் என்று பிரித்துக்கொண்டதால் நடக்கிறது.

எங்கள் ஊரில் 71 போருக்குப் போன மூன்று பேர் இருக்கிறார்கள். தினம் டீக்கடையில் பார்க்கிறோம். இளைஞர் மன்றத்தில் ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கிறோம். சிலை வைக்கலாமா?
*– இளைஞர் மன்றத்தினர், புதுக்கோட்டை மாவட்டம்*

சிலை வேண்டாம் தம்பிகளே. பணம் சேர இரண்டு வருடம், அனுமதி வாங்க இரண்டு வருடம் ஆகிவிடும். டாக்காவில் பாகிஸ்தானியப் படை சரணடைந்த அந்த டிசம்பரில் 20 வயதாக இருந்தவர்கள் எழுபதைத் தாண்டி எவ்வளவோ ஆயிற்று. முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். பெயர், தகப்பனார் பெயர், படை எண், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, இருந்த இடங்கள், கூட இருந்து திரும்பாதவர்களின் பெயர்கள். கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள். ஏதோ ஒரு ஊரில் அந்தப் பெயரை இப்போது வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். மூவரும் சொல்வதில் முரண் வந்தால் திருத்தாதீர்கள், மூன்றையும் எழுதுங்கள். பிறகு 71-க்கு முன்னால் ஊரிலிருந்து போனவர்களையும் அவர்களிடமே கேளுங்கள். 62, 65, பர்மா, இன்னும் பின்னால்.

எழுதியதில் ஒரு படி பள்ளிக்கூடத்துக்கு, ஒரு படி ஊர் நூலகத்துக்கு, மூவரின் வீட்டுக்கும் ஒவ்வொரு படி. ஆகஸ்ட் 15 கிராம சபையில் பெயர்களை வாசிக்க ஊராட்சித் தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நாலு நிமிடம் ஆகும்; அவர் மறுக்க மாட்டார். இன்னொரு படி எனக்கு அனுப்புங்கள். கொடி நாள் கழிந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டாம், எந்த மாதம் வந்தாலும் இந்தப் பக்கத்தில் இடம் உண்டு.